முட்டைப் பெட்டிக்கு ஒரு போர்டு

ஏனுங்க அக்கா, இந்தப் பையைக் காலுக்கடியில வெச்சுக்கட்டுங்களா? எடஞ்சல் இல்லீங்களே? நீங்களும் கோயமுத்தூருதானுங்களா? அப்பச் சரி. நானும் கடைசி வரைக்கும்தான். ஊடு கணபதியிலங்க.

சித்த தூங்கலாம்னு பாத்தேன், முடியலீங்க. கண்ணை மூடினா அந்தப் பெட்டிதான் வந்து நிக்குது. வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி. மீன்கடையில ஐஸ் போட்டு வெச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. உள்ள ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை இருக்குது. இன்னிக்குத்தான் பொரியற நாளு. இன்னிக்குன்னு பாத்து நான் நாமக்கல் பக்கம் போய்ட்டு வாரேன்.

எங்கூட்டு மொட்டை மாடியில நாலு கோழி வெச்சிருக்கறேனுங்க. முட்டை வெக்குதுக, அடை உக்கார மாட்டேங்குதுக. இந்தக் காலத்துக் கோழிக்கும் பொறுமை இல்லை. அதனால பெட்டியில ஒரு குண்டு பல்பை மாட்டி, ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு, நானே அடை வெக்கறேன். கேக்கறதுக்கு லேசா இருக்கும். ஆனா கோழி வயித்துக்கடியில எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு இருக்கோணும். ஏறினாலும் போச்சு, எறங்கினாலும் போச்சு. சூடு எவ்வளவுன்னு மூடியைத் தொறந்து பாக்கலாம்னா, தொறந்ததும் உள்ள இருக்கற சூடும் போயிருது, ஈரமும் போயிருது.

அப்பத்தான் உள்ளுக்குள்ள ஒரு போர்டு வெச்சா என்னன்னு தோணுச்சுங்க.

போர்டுன்னா கேரம் போர்டு இல்லீங்க. எலக்ட்ரானிக்ஸ் போர்டு. பிஸ்கட் அளவுதான் இருக்கும். மைக்ரோகன்ட்ரோலர்ம்பாங்க. நாம கம்ப்யூட்டர்ல எழுதி அதுக்குள்ள ஏத்திவிட்டுட்டா, சொன்னதைச் செஞ்சுட்டே இருக்கும். எதுத்துப் பேசாது. அதுலயே புளூடூத்தும் இருந்துதுன்னா, சூட்டை அளந்து நம்ம போனுக்கு அனுப்பிச்சுரும். மூடியைத் தொறக்கவே வேண்டாம். அடுப்படியில தோசை சுட்டுட்டே பாத்துக்கலாம்.

சிரிங்க, பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. நாப்பத்திரெண்டு வயசுல இவளுக்கு எதுக்கு இதுன்னு. நான் பன்னெண்டாவது முடிச்சப்ப பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் சீட்டு கெடச்சுதுங்க. கார்டு வந்துது. எங்கப்பா அதை வாங்கி ஜோப்புல வெச்சாரு, அவ்வளவுதான். ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கரண்டு வேலை’ன்னு டைப்ரைட்டிங்ல சேத்துவிட்டாரு. உனக்கு என்ன படிக்கோணும்னு ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அடுத்த வருசம் கல்யாணம். அதுலயும் கேக்கலை.

அதனாலதான் எங்க பாப்பா விசயத்துல நான் கவனமா இருந்தேன். பாப்பான்னா பொண்ணுங்க, பிரகல்யா. ஒரே பொண்ணு. அதா, முன்னால பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. நீலச் சுடிதாரு. அவதான். தலைவலிக்குது, காத்து வேணும்னு அங்க போய் உக்காந்துட்டா. பக்கத்துல எடம் இருக்குதுங்க. பையை வெச்சுட்டா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், போர்டு. பாப்பா எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல ரோபோ கிளாஸ்னு ஒண்ணு வந்துது. சேத்துவிட்டேன். ‘அம்மா, சனிக்கெழமை எனக்கு கிரவுண்டு இருக்குது, கோகோ பிராக்டிஸ் இருக்குது’ன்னா. கிரவுண்டு எங்கயும் ஓடிப் போயிராதுன்னு சேத்துவிட்டேன். ஒரு பொட்டி குடுத்தாங்க. போர்டு, ஒயரு, சின்னச் சின்ன லைட்டு. நாலு கிளாஸ் போயிருப்பா, அப்புறம் பொட்டி பீரோ மேல ஏறிருச்சு. ஒருக்கா தூசி தட்டறப்ப எடுத்துத் தொறந்தேன். புஸ்தகத்தைப் பாத்துப் பாத்து மாட்டினேன். அக்கா, ஒரு சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுது பாருங்க! நானே எரிய வெச்சது. அன்னிக்குச் சோறு தீஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் எங்கூட்டுல கதவைத் தொறந்தா சத்தம் வரும், மாடித் தொட்டி நெறஞ்சா லைட்டு எரியும். எல்லாம் அந்தப் பழைய போர்டுதான். ஆனா அதுல புளூடூத் இல்லை. முட்டைப் பெட்டிக்குப் புதுசு வேணும். ஆடி மாசத்துல ஆரம்பிச்ச ரோசனைங்க இது.

ஒரு போர்டு வாங்கறதுல என்ன இருக்குதும்பீங்க. புடவைக்கடை தேவலைங்க. ஒண்ணுல புளூடூத்தும் இருக்கும், வைஃபையும் இருக்கும், ஆனா கரண்டைக் குடிக்கும். இன்னொண்ணு கரண்டே குடிக்காது, ஒரு சின்ன பேட்டரியிலயே மாசக்கணக்குல ஓடும், ஆனா புளூடூத் மட்டுந்தான். ஊட்டுக்குள்ள இருந்தாப் பேசும், ரெண்டு செவுரு தாண்டினா கேக்காது. ஒண்ணு காலெல்லாம் வெச்சே வரும், அப்படியே சொருகிக்கலாம். இன்னொண்ணுக்கு நாமதான் ஈயம் வெச்சுப் பத்தவெக்கோணும். நான் ஒவ்வொண்ணா வீடியோ பாத்தேன். பாத்துப் பாத்து, எனக்கு அந்தச் சின்ன போர்டுதான் புடிச்சுது. கட்டைவெரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். எங்கூட்டுல அடிக்கடி கரண்டு போகும். போனா பல்புக்கு நான் இன்வெர்ட்டர் ஒயரு இழுத்திருக்கறேன், ஆனா போர்டு தனியா பேட்டரியில ஓடோணும். அதுக்கு அதுதான் சரி. எனக்குத் தெரியும்.

எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு லேத் பட்டறை வெச்சிருக்கறாரு. ‘இருக்கற போர்டே போதாதா?’ன்னாரு. போதாதுங்க, அதுல புளூடூத் இல்லைன்னேன். ‘அப்ப உனக்கு எது சரின்னு படுதோ வாங்கிக்க’ன்னாரு. எதைக் கேட்டாலும் இதே பதிலுதான். பாப்பாவைக் காலேஜ் சேக்கறப்ப மட்டும் ஒருக்கா, ‘அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...’ன்னு இழுத்தாரு. பதினேழு வயசுப் புள்ளைக்கு என்னங்க தெரியும்? அவளுக்குப் பி.டி. டீச்சருக்குப் படிக்கோணுமாமா. வெயில்ல நின்னு விசில் ஊதறதுக்கு ஒரு படிப்பா? நான் இசிஇ போட்டேன். எலக்ட்ரானிக்ஸ். நல்ல காலேஜ். எனக்குக் கெடைக்காதது அவளுக்காச்சும் கெடைக்கட்டும்னு போட்டேன். எங்கப்பா மாதிரி நானும் டைப்ரைட்டிங்லயா கொண்டுபோய்த் தள்ளினேன்?

சரி, அதை விடுங்க.

எங்க கொழுந்தனாரு பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறாரு. ஜெகதீஸ்வரன். ஆடிப் பதினெட்டுக்கு வந்திருந்தாரு. நான் போனுல போர்டுகளைப் பாத்துட்டு இருக்கறதைப் பாத்துட்டாரு. ‘அண்ணி, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறீங்க, இருங்க’ன்னு அவரு போனை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டினாரு. ‘ஆர்டர் போட்டாச்சு’ங்கறாரு.

‘எந்த போர்டுங்க தம்பி?’ன்னேன்.

‘உங்களுக்கு எது வேணுமோ அது.’

எனக்கு எது வேணும்னு நான் இன்னும் வாயைத் தொறக்கவே இல்லீங்க! வந்துது. பெரிய போர்டு. வைஃபை, புளூடூத், இன்னும் என்னென்னமோ. ‘எங்கிருந்தாலும் பாக்கலாம் அண்ணி, சிங்கப்பூர் போனாலும் பாக்கலாம்.’ நான் எங்கங்க சிங்கப்பூர் போறேன்? கணபதியிலிருந்து காந்திபுரம் போறதுக்கே அவரு பட்டறைக்குச் சோறு குடுத்துட்டுத்தான் கெளம்போணும். ஆனா ஆசையா வாங்கிக் குடுத்ததை வேண்டாம்னா சொல்ல முடியும்? நன்றி தம்பின்னு வாங்கி வெச்சேன். அதையே மாட்டினேன்.

வேலை செஞ்சுதுங்க. செய்யாமயா? போனுல கணக்கா சூடு காட்டுச்சு. சூடு கொஞ்சம் தூக்கலாத் தெரிஞ்சுது. நான் பல்பைச் சின்னதா மாத்தினேன். அப்புறம் சரியாக் காட்டுச்சு. தெனமும் பாப்பேன், சரியாத்தான் இருக்குது. சந்தோசமா இருந்தேன். நாளு வந்துது. உள்ளயிருந்து ஒரு குஞ்சும் ஓட்டைத் தட்டலை. ஒரு நாளு பாத்தேன், ரெண்டு நாளு பாத்தேன். நாலாம் நாளு ஒண்ணை ஒடச்சுப் பாத்தேனுங்க. குஞ்சு பாதி வளந்து அப்படியே கெடக்குது. றெக்கை மொளச்சிருக்குது. எல்லாமே அப்படித்தான். எல்லாமே.

ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கலை. அப்புறம் காச்சலுக்கு வெச்சுப் பாப்போமே தெர்மாமீட்டர், அதைப் பெட்டிக்குள்ள முட்டை பக்கத்துல வெச்சுப் பாத்தேன். போர்டு காட்டறதுக்கும் அதுக்கும் ரெண்டு டிகிரி வித்தியாசம்! என்னடான்னு பாத்தா, அந்த போர்டு ஓட ஓட தானே சூடாகுதுங்க. சூட்டை அளக்கற சென்சாரை அதுக்குப் பக்கத்துலயே மாட்டியிருந்தேன். அது இத்தனை நாளும் காட்டினது முட்டையோட சூடு இல்லை, அதோட சொந்தச் சூடு. முட்டை பாட்டுக்குக் குளுந்துபோய்க் கெடந்திருக்குது. நான் போனைப் பாத்துட்டு எல்லாம் நல்லா இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கறேன்.

கொழுந்தனாருகிட்டச் சொன்னா, ‘அண்ணி, சென்சாரை ஒயர்ல தள்ளி வெச்சிருக்கோணும்’ங்கறாரு. அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?

ஒருத்தர்னா ஒருத்தர், உனக்கு எதுக்கு இது வேணும், எங்க வெக்கப் போறே, எத்தனை நாளு ஓடோணும்னு கேட்டாங்களான்னு பாருங்க. காந்திபுரத்துல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி நிமுந்து பாத்துட்டு, ‘சாரு வரலீங்களா மேடம்?’ங்குது. வரலைன்னேன். ‘பையன் ப்ராஜெக்டுக்குங்களா?’ங்குது. எனக்கு அலுத்துப்போச்சுங்க. ‘ஆமாங்க, பொண்ணு ப்ராஜெக்டுக்கு’ன்னுட்டேன். அந்தச் சின்ன போர்டு இருக்குதான்னேன். ‘அது உங்களுக்கு வேண்டாங்க மேடம். காலு நீங்களே பத்தவெக்கோணும். சிரமம். இதை வாங்கிட்டுப் போங்க, எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க’ன்னு கொழுந்தனாரு வாங்கிக் குடுத்த அதே போர்டை எடுத்து நீட்டுது! இல்லைங்க தம்பி, எனக்கு அதுதான் வேணும்னு நின்னேன். அங்க ரெண்டு காலேஜ் பசங்க திரும்பிப் பாக்கறாங்க. கடைசியில உள்ள போய்த் தேடி எடுத்துட்டு வந்துது. நான் ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு பாப்பாவுக்கு. அவளுக்கு இதுல என்ன புடிக்கும்னு கேக்கலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், வேண்டாம், சொல்லாமக் குடுத்தாச் சந்தோசப்படுவான்னு வாங்கிட்டேன்.

ஒருத்தர்கூடக் கேக்கலைன்னு சொன்னேன்ல. தப்பு. பாப்பா கேட்டா. முட்டையெல்லாம் வீணாப் போன அன்னிக்கு ஹாஸ்டல்ல இருந்து கூப்பிட்டிருந்தா. நான் அழுதுட்டேன். ‘அம்மா, சித்தப்பா வாங்கினது இருக்கட்டும். உனக்கு எது புடிச்சிருந்துது?’ன்னா. அப்படிக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் வந்துதோ, மூச்சு விடாமச் சொன்னேன். போர்டு, பேட்டரி, ஈரம், முட்டையைத் திருப்பி வெக்கறது, கடைசி மூணு நாளு திருப்பக் கூடாதுங்கறது, எல்லாத்தையும். உம் உம்னு கேட்டுட்டே இருந்தா. ‘அப்ப அதையே வாங்கும்மா’ன்னா. அப்புறம் அவளும் என்னமோ சொல்ல வந்தா. எங்கூட்டுக்காரரு அப்பத்தான் பட்டறையிலிருந்து வந்தாரு, சோறு போடோணும். ‘பாப்பா, நான் பொறவு கூப்பிடறேன்’னு வெச்சுட்டேன். பொறவு நான் கூப்பிட்டப்ப அவ எடுக்கலை. அதுக்கப்புறமும் பேசினோமுங்க. தெனமும் பேசுவோம். இந்த போர்டு வாங்கினதும் சொன்னேன், பத்தவெச்சது சொன்னேன், சென்சாரை ஒயர்ல நல்லாத் தள்ளித் தொங்கவிட்டது சொன்னேன். மூடியில சின்னதா ஒரு கண்ணாடி வெச்சது சொன்னேன், புதுசா முட்டை அடுக்கினது சொன்னேன். நல்லாத்தான் பேசுனா. ஒண்ணும் இல்லை.

முந்தாநேத்துக் காலேஜ்ல இருந்து போனு. டிபார்ட்மெண்ட் மேடம். ‘உங்க பொண்ணு கிளாஸுக்கு வர்றதே இல்லை, தெரியுங்களா? பரிட்சை எழுத விடறது சிரமம். வந்து பாருங்க’ன்னாங்க. இங்க முட்டை பொரியற நேரம். எங்கூட்டுக்காரருக்கு போனுல அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்து, இந்த நம்பரு இதுக்கு மேல போனா பல்பை அணைங்க, இதுக்குக் கீழ எறங்குனா போடுங்க, மூடியை மட்டும் தொறந்துராதீங்கன்னு பத்துத் தடவை சொல்லிட்டுக் கெளம்பினேன். அவரு பட்டறைக்கு லீவு போட்டுட்டு பெட்டி முன்னால உக்காந்திருக்கறாரு. பஸ் ஏறினதுல இருந்து எனக்கு ஒரு நம்பரும் தெரியலை. அதான் சொன்னேனே, ஊட்டுக்குள்ள இருந்தாத்தான் அது பேசும். இன்னிக்கு மட்டும் கொழுந்தனாரு போர்டு இருந்திருந்தா இங்க உக்காந்தே பாத்திருக்கலாம். அதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

காலேஜுக்குப் போனா, பாப்பா அங்க இல்லை. ஹாஸ்டல்ல இல்லை. வார்டன் அம்மா கொஞ்சம் தயங்கித் தயங்கி, ‘பக்கத்து ஊரு கவர்மெண்ட் ஸ்கூல் கிரவுண்டுல இருப்பா’ன்னாங்க. ஆட்டோ புடிச்சுப் போனேன். வேலி ஓரமா எறங்கினேன்.

கோகோ ஆடிட்டு இருந்தாங்கக்கா. சின்னப் புள்ளைக, ஆறாவது ஏழாவது படிக்கற புள்ளைக, வரிசையா உக்காந்திருக்குதுக. நடுவுல இவ. கழுத்துல விசிலு. மூஞ்சியெல்லாம் வெயில்ல கருகிப்போய், கையி காலெல்லாம் புழுதி. ‘குனிஞ்சு ஓடு, குனிஞ்சு ஓடு’ன்னு கத்தறா. ஒரு புள்ளை தப்பிச்சு ஓடிப் போயிருச்சு, இவ கைதட்டிச் சிரிக்கறா. அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தனை காலமாச்சு. ஊட்டுல எல்லாம் அப்படிச் சிரிக்கவே மாட்டாளுங்க அவ. எல்லாச் சிரிப்பும் வெளியாளுகளுக்குத்தான்.

என்னையப் பாத்தா. சிரிப்பு நின்னு போச்சு. ஒரு புள்ளை, ‘டீச்சர், யாரு டீச்சர் அது?’ங்குது. டீச்சராம்! சம்பளம் உண்டா? இல்லை. அந்த ஸ்கூல் பி.டி. மேடம் கால் ஒடஞ்சு படுத்திருக்கறாங்களாம், புள்ளைகளுக்கு மாவட்டப் போட்டி இருக்குதாம், இவ போய்ச் சொல்லித்தர்றாளாம். கிளாஸை விட்டுட்டு.

‘ஏன் பாப்பா, இதையெல்லாம் என்கிட்டச் சொல்லக் கூடாதா?’ன்னேன்.

‘சொன்னேன்ம்மா.’

‘எப்பச் சொன்னே?’

‘சொன்னேன்.’

‘நீ சொல்லவே இல்லை பாப்பா.’

அவ விசிலைக் கழட்டி ஒரு புள்ளை கையில குடுத்தா. அந்தப் புள்ளை அழுகுது. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா என்னங்க பண்றது? நான் காலேஜ்ல பேசி, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒரு மாசம் ஊட்டுல இருக்கட்டும், நல்லாச் சாப்பிடட்டும். அப்புறம் கோயமுத்தூர்லயே ஒரு காலேஜுக்கு மாத்திக்கலாம். அதே இசிஇ. பக்கத்துலயே இருந்தா நான் சொல்லிக் குடுப்பேன், எனக்கும் இப்பக் கொஞ்சம் தெரியுதல்ல. அவளுக்குன்னு வாங்கின அந்தச் சின்ன போர்டை எடுத்துட்டு வந்திருந்தேன், பஸ் ஏறினதும் குடுத்தேன். கையில வாங்கிப் பாத்தா. ‘நல்லா இருக்குதும்மா’ன்னா. திருப்பி என் கையிலயே குடுத்துட்டு முன்னால போய் உக்காந்துட்டா.

இருங்க, போனு அடிக்குது. அவருதான்.

சொல்லுங்க. என்னங்க? கத்தாதீங்க, மெதுவாச் சொல்லுங்க. நாலா? நாலு வந்துருச்சா! நெசமாவா? ஒண்ணு கறுப்பா? மூடியைத் தொறந்தீங்களா? தொறக்கலைல்ல? மேல கண்ணாடி வழியாத்தான் பாத்தீங்களா? சரி. இன்னும் ரெண்டு தட்டுதா? தொறக்காதீங்க. உலரட்டும். உலர்ற வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். சூடு எவ்வளவு காட்டுது? ஐயோ, அப்படியே இருக்கட்டும், ஒண்ணும் தொடாதீங்க. எனக்கா? எனக்கு என்ன, நல்லா இருக்கறேன். வெச்சர்றேன்.

அக்கா, நாலு பொரிஞ்சிருச்சுங்க! இன்னும் ரெண்டு ஓட்டைத் தட்டுதாமா. அவரு குரலைக் கேட்டீங்களா? இருபத்திமூணு வருசத்துல அந்த மனுசன் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் பாத்த போர்டுங்க அது. நானே தேர்ந்தெடுத்த போர்டு. அவ்வளவு பேரு வேண்டாம்னாங்க.

எந்த ஊருங்க இது, அவிநாசி வந்துருச்சா? பாப்பா எந்திரிச்சு வாராளே. இருங்க.

என்ன பாப்பா? பையை எதுக்கு எடுத்துட்டு வாரே? ஆமா, அப்பாதான் கூப்பிட்டாரு, நாலு பொரிஞ்சிருச்சாமா, ஒண்ணு கறுப்பு. எங்க எறங்கறே? அவிநாசிலயா? எதுக்கு? அத்தை வந்திருக்கறாங்களா? மரகதம் அத்தையா? யாரு வரச் சொன்னது? நீயா? கொஞ்ச நாளுன்னா எத்தனை நாளு? அங்க போய் என்ன பண்ணப் போறே? அப்பாவுக்குத் தெரியுமா? இப்பப் பேசினாரே, என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அவரு. என்னது? ஈரமா? ஆமாமா, கிண்ணத்துல தண்ணி நெறையா ஊத்திட்டுத்தான் வந்தேன். இல்லை, தொறக்கலை, நான் சொல்லிட்டேன். கறுப்புக்குஞ்சுக்கா? பேரெல்லாம் வெக்கலை பாப்பா, இப்பத்தான் பொரிஞ்சுது.

வெரலா? எந்த வெரலு?

ஓ, இதா. ஈயம் வெக்கறப்பச் சுட்டதா? ஆறிருச்சு. பாரு, ஆறிருச்சு. வலியெல்லாம் இல்லை.

இரு, இரு பாப்பா, அந்த... சரி. பாத்து எறங்கு. படியில பாத்து.

சீட்டை விட்டு எந்திரிக்கறதுக்குள்ள எறங்கிட்டா, பாருங்க. ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளட்டுங்களா? அதா நிக்கறாங்க, பச்சைப் புடவை, அதுதான் எங்க நாத்தனாரு. எங்கூட்டுக்காரருக்கு அக்கா. எல்லாரும் பேசி முடிவு பண்ணியிருக்கறாங்க, என்கிட்டத்தான் ஒரு வார்த்தை கேக்கலை.

வெரலு ஆறிருச்சாங்கறா, அக்கா. சுட்டு ஒரு மாசமாச்சு. நானே மறந்துட்டேன். எங்கூட்டுக்காரரு அதைப் பாக்கக்கூட இல்லை. போனுல பேச்சோட பேச்சா எப்பவோ சொல்லியிருப்பேன். ஈரம் இருக்குதா, மூடியைத் தொறந்தாரா, கறுப்புக்குஞ்சுக்குப் பேரு வெச்சாச்சா, வெரலு ஆறிருச்சா. பஸ்ஸு நிக்கற நேரத்துக்குள்ள எத்தனை கேட்டா. நான் எல்லாத்துக்கும் பதிலு சொல்லிட்டேன்.

நான் கேட்டது என்னன்னு பாருங்க. எங்க எறங்கறே, யாரு வரச் சொன்னா, அப்பாவுக்குத் தெரியுமா. போலீஸ் கேக்கற மாதிரி. அந்தப் புள்ளைகளுக்குப் போட்டி எப்பன்னுகூட நான் கேக்கலை.

பஸ்ஸை எடுத்துட்டாங்க. கையைக் காட்டலாம்னா அவ இந்தப் பக்கம் பாக்கலை. அத்தை கையைப் புடிச்சுட்டுப் போறா. பேசிட்டே போறா பாருங்க, கையை ஆட்டி ஆட்டி, குனிஞ்சு நிமுந்து, ஏதோ ஓடிக் காட்டறா மாதிரி. அத்தை நின்னு கேக்கறாங்க. சிரிக்கறாங்க ரெண்டு பேரும்.

என்னமோ சொல்றா. இங்கிருந்து ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுங்க.